முகமறியாப் பகிர்வின் நலமுந் தீங்கும்

ஒரு பொருளைக் கொடுத்தவர் இன்னார், பெற்றவர் இன்னார் என்பது இருவருக்குந் தெரிந்திருத்தல் உலக வழக்கு. இவ்வழக்கிற்கு மாறாக, ஒருவரையொருவர் அறியாமலே நூல், இசை, படம் முதலியவற்றைக் கணினி வழியாகப் பரிமாறிக்கொள்ள உதவும் மென்பொருள்களும் உள. அவற்றின் நலமுந் தீங்கும் யாவை என்பதை அறிவதற்கு, யப்பான் நாட்டிலே தோன்றிய 'வின்னி' என்னும் மென்பொருளின் வரலாறு தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

இத்தகைய மென்பொருளின் தேவை எவ்வாறு எழுந்தது? 1999 ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் 'நப்ஸ்ரர்' என்னும் சேவை தொடங்கியது. பாடல்கள் மக்களுடைய கணினிகளிலேயே இருந்தன. ஆயின், எப்பாடல் எவரிடம் உண்டு என்பதைக் காட்டும் அட்டவணை அந்நிறுவனத்தின் நடுநிலையத்தில் இருந்தது. பதிப்புரிமை வழக்கின் விளைவாக 2001 இல் அந்நிலையம் மூடப்படவே, சேவை முழுவதும் நின்றுபோயிற்று. ஆணிவேர் அறுந்தால் மரம் நிற்குமோ? இதற்கிடையில், எடின்பரோப் பல்கலைக்கழக மாணவராயிருந்த இயன் கிளாக் என்பவர் நடுநிலையமே இல்லாத 'பிறீநெற்' என்னும் அமைப்பை வகுத்தார். அது 2000 இல் வெளியாயிற்று. தணிக்கைக்கு அஞ்சாது எவரும் கருத்து வெளியிடுதல் வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

அக்கருத்தினால் ஊக்கம் பெற்ற இசாமு கனேக்கோ என்னும் யப்பானிய அறிஞர், தம் பெயரை வெளியிடாமலே 2002 மே மாதத்தில் வின்னியை வழங்கினார். அது தொழிற்படும் முறையை ஓர் உவமையால் விளக்கலாம். ஓர் ஊரில் உள்ள நூலொன்று பலர் கைமாறி மற்றோர் ஊரை அடைகின்றது. இடையில் நிற்பவர்கள் அதைப் பொதியாகக் கட்டியபடியே வாங்கி, படியொன்றைத் தம்மிடம் வைத்துக்கொண்டு, அடுத்தவரிடம் கொடுக்கின்றனர். இறுதியிற் பெறுபவருக்குத் தம்மிடம் நீட்டிய கை தெரியும். அது நூலுக்கு உரியவரின் கையா, இடைநின்றவரின் கையா என்பது தெரியாது. வின்னியிலும் கோப்புகள் மறைகுறியாக்கப்பட்டுக் கணினிக்குக் கணினி இவ்வாறே சென்றன.

இம்முறையின் நலங்கள் மூன்று. முதலாவது, ஒரு கணினி பழுதடைந்தாலும் நிறுத்தப்பட்டாலும் அமைப்பு அழியாது. இரண்டாவது, பலர் விரும்பும் கோப்புக்குப் படிகள் பெருகுதலால், கேட்போர் மிகுந்தாலும் கிடைத்தல் எளிதாகும். மூன்றாவது, அதிகாரத்துக்கு அஞ்சி வாய்மூடியிருப்போருக்கும் அது பேச வழி தரும்.

இனித் தீங்குகளை நோக்குவோம். மறைவு என்பது முழுமையானதன்று. இணைந்துள்ள அயற்கணினிக்கு நம் கணினியின் இணைய முகவரி தெரிந்தே தீரும். பதிப்புரிமையை மீறியதாக வின்னியைப் பயன்படுத்திய இருவர் 2003 நவம்பரிற் கைது செய்யப்பட்டனர். அதனினும் பெரிய தீங்கு வேறு வழியால் வந்தது. 'அன்ரினி' என்னும் நச்சுநிரல், விரும்பத்தக்க கோப்புப் போல வேடமிட்டுப் பரவியது. அதைத் திறந்தவரின் சொந்த ஆவணங்களையே அது பொதுப் பகிர்வுக்குள் தள்ளிவிட்டது. அலுவலக வேலையை வீட்டுக் கணினியிற் செய்தோர் பலர் இவ்வலையில் வீழ்ந்தனர். 2004 இற் காவற்றுறை விசாரணைக் குறிப்புகளும், 2006 இற் கடற்படைத் தகவல்களும் வெளியே பரவின. அவ்வாண்டு மார்ச்சில், அமைச்சரவைத் தலைமைச் செயலாளராயிருந்த சின்சோ அபே வின்னியைப் பயன்படுத்த வேண்டாமென மக்களைக் கேட்டுக்கொள்ளும் நிலை ஏற்பட்டது.

இவ்விடத்தில் ஒன்றை ஊன்றி நோக்குதல் வேண்டும். எவராலும் அழிக்கவியலாமை என்பதே இவ்வமைப்பின் வலிமை. குற்றத்துக்கு ஆளாகித் துன்புற்ற ஒருவரின் பெயர் விசாரணைக் குறிப்பொன்றினூடாக வெளிப்பட்டால், அதே வலிமை அவருக்குத் தீராத் துன்பமாகின்றது. "நீக்கிவிடுங்கள்" என்று முறையிட அங்கே தலைவர் இல்லை. சிந்திய நீரை அள்ளுவார் யார்?

அவ்வாறாயின், அமைப்பை ஆக்கியவர் குற்றவாளியா? 2004 மே மாதத்திற் கனேக்கோ கைதானார். அரிவாள் அடித்துக் கொடுத்த கொல்லன், அதனாற் பிறர் செய்த கொலைக்குப் பொறுப்பாவானா என்பதே வழக்கின் சாரம். கியோத்தோ மாவட்ட நீதிமன்றம் 2006 இல் அவருக்குப் பதினைந்து இலட்சம் யென் தண்டம் விதித்தது. ஒசாக்கா மேல்நீதிமன்றம் 2009 இல் அவரை விடுதலை செய்தது. யப்பானிய உச்ச நீதிமன்றம் 2011 இல் அவ்விடுதலையை உறுதிப்படுத்தியது. வழக்கு நடந்த ஆண்டுகளில் மென்பொருளின் குறைகளை அவர் திருத்தி வெளியிட இயலாதிருந்தது. குறையைத் தீர்க்க வல்லவரின் கை கட்டுண்டிருக்க, குறை மட்டும் கட்டின்றி உலாவியது. விடுதலை உறுதியானபின் ஈராண்டு நிறைவதற்குள், 2013 இல், தமது நாற்பத்திரண்டாம் வயதில் அவர் காலமானார்.

இவ்வரலாற்றால் அறியப்படுவது யாது? முகமறியாப் பகிர்வு நன்றென்றோ தீதென்றோ ஒரு சொல்லில் முடிக்கத் தக்கதன்று. பேசுவோரைக் காக்கும் திரையே பிறர் மறையைப் பரப்புவோரையும் காக்கின்றது. ஆதலின், பயன்படுத்துவோர் தம் கணினியில் எது பகிரப்படுகின்றது என்பதை அறிந்திருத்தல் வேண்டும்; பிறர் நம்பி ஒப்படைத்த ஆவணங்களை அத்தகைய கணினியில் வைத்தலாகாது. சட்டத்தை ஆள்வோரோ, கருவியை ஆக்குதலையும் அதனாற் குற்றம் புரிதலையும் வேறுபிரித்துக் காணுதல் வேண்டும்.