பத்து இலக்க எண்ணும் ஜகாத் தேதியும்

2025 பிப்ரவரியில் நாமக்கல் பக்கம் லாரித் தொழில் செய்யும் சகோதரர் ஒருவர் நம்மிடம் ஒரு தாளைக் கொண்டுவந்தார். பழைய லாரியை விற்ற பணம் கணக்கில் ஏறிய விவரம், செல்போன் செயலியிலிருந்து இறக்கியது. தேதி இருக்க வேண்டிய இடத்தில் 1710163800 என்று இருந்தது. அந்தப் பணம் வந்த பிறகுதான் அவர் நிஸாபை அடைந்தார். ஜகாத் ஆண்டு எப்போது தொடங்கியது என்பதே கேள்வி.

கணினிக்கு மாதமும் கிழமையும் தெரியாது. 1970 ஜனவரி 1, கிரீன்விச் நள்ளிரவிலிருந்து ஓடிய வினாடிகளை மட்டும் அது எண்ணுகிறது. நம் ஊரில் அப்போது காலை 5.30. ஒரு நாளைக்கு 86,400 வினாடிகள். அதனால் வகுத்தால் 19,793 நாட்கள் போக மீதி 48,600 வினாடிகள், அதாவது பதின்மூன்றரை மணி நேரம். 2024 மார்ச் 11, கிரீன்விச் பகல் 1.30. நமக்கு மாலை 7 மணி.

எக்செல் வைத்திருப்போர் எண்ணுடன் 19800 கூட்டி, 86400 ஆல் வகுத்து, 25569 கூட்டி, அந்தக் கட்டத்தைத் தேதி வடிவத்துக்கு மாற்றினால் போதும். 13 இலக்கம் இருந்தால் முதலில் 1000 ஆல் வகுக்க வேண்டும்.

ஆனால் மார்க்கக் கணக்கு இங்கே முடியவில்லை. நமக்கு நாள் மாறுவது நள்ளிரவில் அல்ல, மஃரிபில். சேலம், நாமக்கல்லில் அன்று சூரியன் ஆறரை மணியளவில் மறைந்துவிட்டது. தமிழகத்தில் அன்று மாலைதான் பிறை தெரிந்தது. ஆகவே பணம் வந்த நேரம் ஹிஜ்ரி 1445 ரமளான் முதல் இரவு.

பல செல்போன்களின் ஹிஜ்ரி நாட்காட்டி சவூதியின் உம்முல் குரா கணக்கில் ஓடுவது. அது மார்ச் 11 காலையிலேயே ரமளான் 1 என்று காட்டியது. நமக்கோ அது ஷஅபான் 29. மாலை 7 மணிக்கு மட்டும் இரண்டும் ஒத்துப்போயின. அதுவும் தற்செயல்தான், நள்ளிரவு கடந்ததும் செல்போன் ரமளான் 2 என்றது. நாமோ முதல் நோன்புக்கு ஸஹர் செய்துகொண்டிருந்தோம்.

தேதி தெரிந்ததும் சகோதரர், "அப்போ வர்ற மார்ச் 11ஆம் தேதி கொடுத்தா சரியா ஹஜ்ரத்?" என்றார். சரியில்லை. ஜகாத்துக்குச் சந்திர ஆண்டே கணக்கு. அது ஆங்கில ஆண்டைவிடச் சுமார் 11 நாட்கள் குறைவு. ஆங்கிலத் தேதியையே பிடித்துக்கொண்டு போனால் ஏறக்குறைய 33 ஆண்டுகளில் ஒரு முழு ஆண்டின் ஜகாத் விடுபட்டுப் போகும். அது ஏழைகளின் ஹக்.

டைரியில் மார்ச் 11 வேண்டாம், ரமளான் 1 என்று எழுதுங்கள் என்றோம். அந்த ஆண்டு பிறை மார்ச் 1 மாலை தெரிந்தது.