எஃகுத் தளம்

வண்டலூரிலிருந்து ஒரகடம் வழியாக வாலாஜாபாத்துக்குச் செல்லும் சாலையில் இன்று பெருந்தொழிற்சாலைகள் பலவற்றைக் காணலாம். இத்தகைய கட்டடங்கள் எழும்பும்போது முதலில் நிற்பன சுவர்கள் அல்ல. எஃகுத் தூண்களும் அவற்றை இணைக்கும் எஃகு உத்திரங்களுமே ஆகும். உடலை எலும்புக்கூடு தாங்குவதுபோல், கட்டடத்தின் பாரம் முழுவதையும் இச்சட்டகமே தாங்குகிறது.

உத்திரத்தின்மேல் தளமிடும் முறை நமக்குப் புதியதன்று. சென்னைப் பகுதியின் பழைய மாடி வீடுகளில் தேக்கு உத்திரங்களை நெருக்கமாக இட்டு, அவற்றின்மேல் சிறு செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் நெட்டுக்குத்தாக அடுக்கித் தளம் அமைத்தனர். இதனை 'மெட்ராஸ் டெரஸ்' என்பர். மரத்தைக் கறையான் அரிக்கும். நீண்ட மரம் எளிதிற் கிடைப்பதுமில்லை. ஆதலால் நாளடைவில் எஃகு உத்திரமும் வழக்கிற்கு வந்தது. கப்பலில் வந்திறங்கிய எஃகு, 1912-ஆம் ஆண்டு முதல் ஜாம்ஷெட்பூரிலும் உருவாகலாயிற்று.

எஃகு உத்திரத்தின் குறுக்குவெட்டு 'ஐ' என்னும் ஆங்கில எழுத்தைப் போன்றிருக்கும். அதற்குக் காரணம் உண்டு. ஓர் அளவுகோலைத் தட்டையாக வைத்து நடுவில் அழுத்துங்கள்; அது வளையும். அதையே நெட்டுக்குத்தாக நிறுத்தி அழுத்துங்கள், எளிதில் வளையாது. உத்திரத்தின் உயரம் இருமடங்கானால் அதன் விறைப்பு எட்டு மடங்காகும். மேலும், பாரம் ஏறும்போது உத்திரத்தின் மேற்பகுதி நசுங்குகிறது, அடிப்பகுதி இழுபடுகிறது, நடுப்பகுதிக்கு இவ்வுழைப்புக் குறைவு. எனவே மேலும் கீழும் அகன்ற பட்டைகளை வைத்து, இடையே மெல்லிய தகட்டை அமைக்கின்றனர். எஃகும் மிச்சமாகிறது, வலிமையும் குறைவதில்லை.

இவ்வுத்திரங்களின்மேல் நெளித்த எஃகுத் தகடுகளை விரித்து, தலை பருத்த எஃகு முளைகளை உத்திரத்தோடு பற்றவைத்து, கம்பி வலை பரப்பிக் கான்கிரீட்டை ஊற்றுகின்றனர். இம்முளைகள் எதற்கு? இரண்டு புத்தகங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வளைத்தால், ஒன்றின்மேல் மற்றொன்று வழுக்கும். அவ்வாறு கான்கிரீட்டும் எஃகும் வழுக்காதபடி முளைகள் பிணைக்கின்றன. நசுக்கும் விசையைக் கான்கிரீட் தாங்க, இழுக்கும் விசையை எஃகு தாங்குகிறது. இரண்டும் சேர்ந்தபின் பெறும் வலிமை, தனித்தனியே நின்றால் வருவதன்று.

எனினும் எஃகுக்கு ஒரு பெரும்பகை உண்டு, அதுவே தீ. எஃகு எரியாது, ஆயின் ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அதன் வலிமை பாதிக்கும் கீழே குன்றிவிடும். 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்களில் விமானங்கள் மோதியபோது, எஃகின்மேலிருந்த தீக்காப்புப் பூச்சு உதிர்ந்தது. தீயில் தளங்கள் தொய்ந்து புறத்தூண்களை உள்நோக்கி இழுத்தன. தூண்கள் வளையவே கோபுரங்கள் சரிந்தன. இதனை அமெரிக்க அரசின் ஆய்வு பின்னர் விளக்கிற்று. அப்பூச்சு அழகிற்காக இடப்படுவதன்று. உள்ளிருப்போர் வெளியேறும்வரை தளத்தை நிலைநிறுத்துவதற்காகவே இடப்படுகிறது.

தளத்தின்மேல் நின்று உழைப்போர் அதனுள் மறைந்த முளையையோ, பற்றவைப்பையோ, அடியிலுள்ள பூச்சையோ காண்பதில்லை. அவற்றைச் செய்தவரின் நேர்மையை நம்பியே அவர்கள் கால் ஊன்றுகின்றனர். கணக்கிட்ட பாரத்திற்குமேல் ஏற்றாமையும், பிறர் கண்ணுக்குப் படாத வேலையையும் பழுதறச் செய்தலும் உயிர்காக்கும் கடமைகளாகும்.