உடப்புக்கு வரும் மிஸி என்ன படித்திருக்க வேண்டும்?

இலங்கையில் தாதியாவதற்கு இரண்டு வாசல்கள் இருக்கின்றன. சுகாதார அமைச்சின் தாதியர் பயிற்சிக் கல்லூரியில் மூன்று வருட டிப்ளோமா ஒன்று. பல்கலைக்கழகத்தில் நான்கு வருடப் பட்டம் மற்றது. பயிற்சிக் கல்லூரி வாட்டை ஒட்டி வளர்ந்தது. அங்கே மாணவி முதல் வருடத்திலிருந்தே படுக்கை விரிக்கவும் புண் கட்டவும் பழகுகிறாள். பட்டப்படிப்பு ஆராய்ச்சி, புள்ளிவிபரம், கோட்பாடு என்று போகிறது. பயிற்சிக் கல்லூரிகளையும் பல்கலைக்கழகத் தரத்துக்கு உயர்த்த வேண்டும் என்ற பேச்சு ஆட்சி மாறினாலும் மாறாமல் வந்துகொண்டிருக்கிறது. பழைய மிஸிமாரின் கைராசி இப்போது வரும் பிள்ளைகளுக்கு இல்லை என்கிறார்கள் ஒரு பக்கத்தார். ஏன் செய்கிறோம் என்று தெரியாமல் செய்த வேலைக்குப் பெயர் கைராசியா என்று கேட்கிறார்கள் மறுபக்கத்தார்.

இந்த வழக்கை உடப்பிலிருந்து பார்த்தால், இரண்டு பக்கமும் சொல்லாமல் விட்ட ஒன்று கண்ணில் படுகிறது.

சிலாபத்துக்கு வடக்கே, கடலுக்கும் முந்தல் களப்புக்கும் இடையில் கிடக்கிறது உடப்பு. இராமநாதபுரக் கரையிலிருந்து வந்து குடியேறியவர்களின் வழித்தோன்றல்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் தமிழ் மக்களின் ஊர். தொழில் மீன்பிடி, கரைவலையும் அம்பாப் பாட்டும் சம்மாட்டிமாரும் இந்த ஊரின் அடையாளம். சுற்றிவரச் சிங்களக் கிராமங்களும் முஸ்லிம் கிராமங்களும். வருத்தம் கடுமையானால் சிலாபம் பொது வைத்தியசாலை, அல்லது புத்தளம். அங்கே வாட்டில் காதில் விழும் மொழி பெரும்பாலும் சிங்களம். உடப்பார் பலருக்குச் சிங்களம் தெரியும் என்பதால் காரியம் நடக்கிறது. ஆனால் மீன் விலை பேசப் போதுமான சிங்களம், மார்பு நோவு எப்படிப்பட்டது என்று சொல்லப் போதாது. குத்துகிறதா, அழுத்துகிறதா, எரிகிறதா, தோளுக்கு ஏறுகிறதா என்ற பதிலில் இருக்கிறது பாதி நோயறிதல்.

முதலில் 'மரபு' என்று சொல்லப்படுவதன் வயதைப் பார்ப்போம். லண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் நைட்டிங்கேல் பாடசாலை தொடங்கியது 1860இல். அன்று அது பெரும் புதுமை. கையில் விளக்கேந்திய அம்மணியாகவே நைட்டிங்கேலை நாங்கள் பாடப்புத்தகத்தில் படித்தோம். போர்க்கால மரணங்களை வரைபடமாக்கி அரசாங்கத்தை அசைத்த புள்ளிவிபரக்காரி அவர் என்பதை யாரும் சொல்லித் தரவில்லை. இலங்கையில் கொழும்புத் தாதியர் பாடசாலை 1939இல் வந்தது. வெள்ளைச் சீருடையும் தொப்பியும் வரிசை ஒழுங்கும் அந்தக் காலத்து இங்கிலாந்தின் வழக்கம். அதை மரபு என்று காப்பதில் தவறில்லை. ஆனால் அது உடப்பின் மரபுமல்ல, யாழ்ப்பாணத்தின் மரபுமல்ல.

யாழ்ப்பாணத்தில் வேறொரு பாதை வெட்டப்பட்டிருந்தது. அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1847இல் வந்திறங்கி, மானிப்பாயில் வைத்தியசாலையும் மருத்துவப் பாடசாலையும் நடத்தினார். தொடக்கத்தில் ஆங்கிலத்தில் கற்பித்தார். படித்து முடித்தவர்கள் சம்பள உத்தியோகம் தேடி ஊரை விட்டுப் போவதைக் கண்டார். தமிழில் படித்தவன் தமிழருக்குள்ளேயே நிற்பான் என்று எண்ணி, 1860களில் பாடத்தையே தமிழுக்கு மாற்றினார். தானே தமிழ் கற்று, மாணவர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு 'பிரசவ வைத்தியம்', 'இரண வைத்தியம்' என்று மேற்கத்திய மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். உடற்கூற்றுக்கும் இரசாயனத்துக்கும் கலைச்சொல் செய்தார். நவீன மருத்துவத்தை நோயாளியின் மொழியில் கற்பிக்கலாம் என்று செய்தே காட்டிய மனிதர் அவர். 1898இல் இணுவிலில் தொடங்கிய மக்லியோட் பெண்கள் வைத்தியசாலையும் உள்ளூர்ப் பெண்களைத் தாதிகளாகவும் மருத்துவமாதுகளாகவும் பழக்கியது.

கிறீன் பயந்த காரணம் இன்னும் உயிரோடு இருக்கிறது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் அரச ஊழியர் ஐந்து வருடம் வரை சம்பளமில்லா விடுமுறையில் வெளிநாடு போகலாம் என்று சுற்றறிக்கை வந்தபோது, வாட்டுகளை விட்டுப் போனவர்களில் தாதியரும் உண்டு. ஆங்கிலமும் பட்டமும் கையில் இருந்தால் கதவு இன்னும் அகலமாகத் திறக்கும். போகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. சம்பளத்தைப் பார்த்தால் யாருக்கும் வராது.

சரி, பட்டம் தேவைதானா? தேவை என்பதற்கு வலுவான சான்று உண்டு. லிண்டா எய்கன் தலைமையில் ஒன்பது ஐரோப்பிய நாடுகளின் 300 வைத்தியசாலைகளில், சத்திரசிகிச்சை செய்துகொண்ட நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளரின் பதிவுகளை ஆராய்ந்து 2014இல் 'லான்செட்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. பட்டம் பெற்ற தாதியரின் விகிதம் 10 வீதம் கூடிய இடத்தில் நோயாளி இறக்கும் வாய்ப்பு 7 வீதம் குறைந்திருந்தது. பட்டத்துக்கு வாதாடுகிறவர்கள் இந்த வரியோடு நிறுத்திவிடுவார்கள். அதே கட்டுரை இன்னொன்றும் சொல்கிறது: ஒரு தாதியின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினாலே மரண வாய்ப்பு 7 வீதம் ஏறுகிறது. பட்டதாரியை உருவாக்கிவிட்டு, ஒரு வாட்டு முழுவதையும் அவள் தலையில் கட்டினால் கிடைத்த பலன் அப்படியே போய்விடும்.

தமிழகத்தின் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் டில்லியும் 1946இலேயே தாதியர் பட்டப்படிப்பைத் தொடங்கிவிட்டன. இலங்கையில் அது 1990களில் திறந்த பல்கலைக்கழகத்தின் வழியாக, கனடாவின் அதபாஸ்கா பல்கலைக்கழக ஒத்துழைப்போடு வந்தது. பேராதனை, ஸ்ரீ ஜயவர்தனபுர, யாழ்ப்பாணம், கிழக்குப் பல்கலைக்கழகம் எல்லாம் பிறகு சேர்ந்தன. அரை நூற்றாண்டுத் தாமதம்.

புதுமை என்று அடுத்து வருவது பொம்மை. நோயாளிக்குப் பதிலாக மூச்சு விடும், நாடி துடிக்கும், இரத்தஅழுத்தம் விழும் உருவங்களை வைத்துப் பழக்குவது. இதுவும் நேற்று வந்ததல்ல. 1911இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் தாதியர் பாடசாலைக்காக மார்த்தா சேஸ் என்ற பொம்மை செய்பவர் ஆள் உயரத்தில் ஓர் உருவம் செய்து கொடுத்தார். 'மிஸஸ் சேஸ்' என்ற பெயரில் அது தலைமுறை தலைமுறையாக மாணவிகளிடம் குளிப்பு வாங்கியது. நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்கும் பயிற்சிக்கான உருவத்தை 1960இல் செய்தவரும் நோர்வேயின் விளையாட்டுச் சாமான் தயாரிப்பாளர்தான். இன்றைய கணினிப் பொம்மைகள் அவற்றின் வாரிசுகள். அமெரிக்க மாநிலத் தாதியர் சபைகளின் தேசிய மன்றம் 2014இல் வெளியிட்ட ஆய்வு, வாட்டுப் பயிற்சி நேரத்தில் பாதிவரை பொம்மைப் பயிற்சியால் ஈடுசெய்யலாம் என்று கண்டது. ஆனால் அதற்கென்றே பழக்கப்பட்ட ஆசிரியர் வேண்டும். ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் உட்கார்ந்து, எங்கே பிழைத்தது என்று பேச வேண்டும். அதைச் செய்யாமல் பொம்மையை மட்டும் வாங்கிப் பூட்டி வைப்பது வீண் செலவு.

பொம்மைக்கு முடியாதது ஒன்று உண்டு. அது விரதம் இருக்காது.

உடப்புத் திரௌபதையம்மன் கோயிலில் ஆடி மாதம் 18 நாள் திருவிழா, முடிவில் தீமிதிப்பு. நேர்த்தி வைத்தவர்கள் விரதமிருந்து தணலில் இறங்குகிறார்கள். நம்பிக்கை அதன் இடத்தில் இருக்கட்டும். பெரும்பாலான கால்கள் ஏன் வேகுவதில்லை என்பதற்குப் பௌதிகவியலும் ஒரு காரணம் சொல்கிறது: மரக்கரி வெப்பத்தை மெதுவாகவே கடத்தும், மேலே படியும் சாம்பல் அதை இன்னும் தடுக்கும், ஒவ்வோர் அடியும் தணலைத் தொடும் நேரம் ஒரு விநாடிக்கும் குறைவு. இதற்குள் ஒரு மறைவான நிபந்தனை இருக்கிறது. விரலிடுக்கில் தணல் ஒட்டினால் கால் அதை உடனே உணர வேண்டும்.

பல வருடமாகச் சீனி வருத்தம் உள்ளவரின் கால் உணராது. நரம்பு மரத்திருக்கும். சுட்டது தெரியாமல் வீட்டுக்குப் போவார். மறுநாள் கொப்புளம் கண்டு மஞ்சள் பூசுவார். இரத்த ஓட்டம் குறைந்த காலில் அது ஆறாமல் புரையோடும். விரல் போவதும் கால் போவதும் இப்படித்தான். விரதத்திலும் ஒரு கண்ணி உண்டு. கிளிக்ளசைட், டொல்பியூட்டமைட் போன்ற குளிசைகளை வழக்கம்போல் காலையில் விழுங்கிவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் இரத்தச் சீனி விழும். வியர்த்து, கை நடுங்கி, தலைசுற்றி, சில வேளை மயங்கி விழுவார். பார்க்கிறவர்கள் அதை அருள் என்றும் நினைக்கலாம்.

மரத்த காலைக் கண்டுபிடிக்கும் கருவி விலை குறைந்தது. 10 கிராம் அழுத்தத்தில் வளையும் ஒரு நைலோன் இழை. நோயாளி கண்ணை மூடிக்கொள்ள, பாதத்தில் சில இடங்களில் இழையால் தொட்டு, தெரிகிறதா என்று கேட்க வேண்டும். சில நிமிட வேலை. இதை எந்தத் தாதியும் படித்திருப்பாள். எந்த மாதத்தில், எந்த ஊரில், யாரிடம் முந்திக்கொண்டு கேட்க வேண்டும் என்பதுதான் அவளுக்குத் தெரியாது. ஆனி மாதக் கிளினிக்கில் "இந்த வருசம் நேர்த்தி இருக்கா அண்ணை?" என்று ஒரு மிஸி கேட்டால் போதும். காலைப் பார்க்கலாம், குளிசை நேரத்தை வைத்தியரிடம் சொல்லி மாற்றலாம், தணலில் இறங்குவதற்குப் பதில் வேறு நேர்த்தியைப் பற்றிக் குடும்பத்தோடு பேசலாம். "தீ மிதிக்கக் கூடாது" என்று மட்டும் அதட்டி அனுப்பினால் அவர் அடுத்த கிளினிக்குக்கு வரமாட்டார். தீ மட்டும் மிதிப்பார்.

இதைப் பாடமாக்கியவர் அமெரிக்கத் தாதி மடலின் லெய்னிங்கர். பப்புவா நியூகினியின் மலைக் கிராம மக்களிடையே தங்கி ஆராய்ந்துவிட்டு, பண்பாடு கடந்த தாதியியல் என்ற துறையைக் கட்டினார். அவர் சொன்னதன் சாரம்: நோயாளியின் வழக்கத்தில் நல்லதைப் பேணு, தீங்கில்லாததற்கு இடம் கொடு, தீங்கானதை அவரோடு சேர்ந்தே மாற்று. பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் பத்தியக் கறியும் வீட்டாரின் கவனிப்பும் பேண வேண்டியவை. பிறந்த பிள்ளையின் நாக்கில் தேன் தடவுவது மாற்ற வேண்டியது. கருவாட்டு உப்பும் பிரஷரும் சண்டை போடும் வீட்டில், கருவாட்டை விடு என்றால் நடக்காது. ஊறவைத்துக் கழுவிச் சமை, கிழமையில் இத்தனை நாள் என்றால் நடக்கக்கூடும். லெய்னிங்கரின் பெயர் பட்டப்படிப்பில் பரீட்சைக் கேள்வியாக வரும். மாணவியை ஒரு கரையோரக் கிராமத்தில் நான்கு கிழமை இருத்தினால்தான் அது அவளுக்குள் இறங்கும்.

இப்படி நடக்காது என்று சொல்ல இந்த நாட்டுக்கு வாய் கிடையாது. 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியபின், பயிற்சி பெற்ற மருத்துவமாதுகள் கிராமம் கிராமமாக நியமிக்கப்பட்டார்கள். ஊர் மருத்துவிச்சியின் இடத்துக்கு வந்த அந்தப் பிள்ளைகள் வீடு வீடாக நடந்தார்கள், மக்களின் மொழியில் பேசினார்கள். 1930களில் ஒரு இலட்சம் பிரசவத்துக்கு 2,000க்கு மேல் தாய்மார் இறந்த தேசத்தில் இன்று அந்த எண்ணிக்கை 30ஐ ஒட்டியது. ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் வைத்தியசாலையில். மலேரியா ஒழிப்பு, பெண்கல்வி, இலவச வைத்தியம் எல்லாம் சேர்ந்து செய்த சாதனைதான். ஆனாலும் படலை திறந்து உள்ளே வந்த அந்தப் பெண் இல்லாமல் இது நடந்திராது.

தாதியர் கல்வியின் மரபு என்று நான் காக்கச் சொல்வது இதைத்தான். தொப்பி போனால் போகட்டும். பட்டம் வரட்டும், பொம்மை வரட்டும். பாடத்திட்டம் எழுதுகிறவர்கள் அதற்கு முன் இரண்டு காரியம் செய்ய வேண்டும். தமிழ் 1987இல் அரசியலமைப்பின்படி அரச கரும மொழியாகிவிட்டது. ஆகவே சிங்கள மாணவிக்கு நோயாளியிடம் பேசுமளவு தமிழும், தமிழ் மாணவிக்கு அதேயளவு சிங்களமும் வாய்மொழிப் பரீட்சையோடு கட்டாயமாக வேண்டும். ஒவ்வொரு மாணவியும் தன் மொழி பேசாத ஊரொன்றில் களப்பயிற்சி முடித்திருக்க வேண்டும். இவற்றுக்குப் புதுக் கட்டடமோ வெளிநாட்டுக் கடனோ தேவையில்லை.

உடப்பாருக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது. தாதியர் பயிற்சிக்கு வழக்கமாகக் கேட்கப்படுவது உயர்தர விஞ்ஞானப் பிரிவுச் சித்தி. தமிழில் விஞ்ஞானம் படிக்க வழியில்லாத பிள்ளை இந்த வாசல் வரைக்கும்கூட வர முடியாது. கோயில் திருவிழாவுக்கு 18 நாள் ஊரே திரண்டு உழைக்கிற ஊர், விஞ்ஞான ஆசிரியருக்காகவும் ஆய்வுகூடத்துக்காகவும் வலயக் கல்விப் பணிமனையின் கதவை விடாமல் தட்ட வேண்டும். சிலாபம் வாட்டில் உடப்புப் பிள்ளைகள் மிஸிமாராக நிற்பதற்கு அதுவே முதல் வேலை.