ஆயிரம் கினி பளிங்கு நாய்

ஹென்றி கான்ஸ்டன்டைன் ஜென்னிங்ஸ் என்ற ஆங்கிலேயச் செல்வந்தர் 1750-களில் ரோம் நகரில் இருந்தார். பார்த்தலோமியோ காவசெப்பி என்ற சிற்பியின் பட்டறையில் குவிந்து கிடந்த உடைசல்களுக்கு நடுவே ஒரு பளிங்கு நாய் அவர் கண்ணில் பட்டது. 400 ஸ்கூடி கொடுத்து வாங்கினார். அன்றைய கணக்கில் அது சுமார் 80 பவுண்டு. ஊர் திரும்பியதும் நாயின் புகழ் உடையவரையும் தொற்றிக்கொண்டது. ‘நாய் ஜென்னிங்ஸ்’ என்ற பட்டப்பெயர் கடைசிவரை அவரை விடவில்லை.

சூதாட்டக் கடன் கழுத்தை நெரிக்க, 1778-இல் நாயை விற்கும் நிலை வந்தது. அதன் மதிப்பு ஆயிரம் கினி என்று லண்டனில் பேச்சு அடிபட்டது. ஒரு மிருகத்தின் உருவத்துக்கா இவ்வளவு விலை என்று அறிஞர் சாமுவேல் ஜான்சனின் நண்பர் வட்டத்தில் வாதம் நடந்ததை, ஜான்சனின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய பாஸ்வெல் பதிவு செய்திருக்கிறார். விலை நாய்க்கு அல்ல, அதைச் செதுக்கிய திறமைக்கு என்பது ஜான்சனின் கட்சி. ஏலத்தில் சார்லஸ் டன்கோம்ப் சுமார் 1,000 பவுண்டுக்கு எடுத்து, யார்க்‌ஷயரில் இருந்த தன் மாளிகைக்குக் கொண்டுபோனார்.

சிற்பத்தை நேரில் பார்ப்பவருக்கு ஜான்சன் சொன்னது உடனே விளங்கும். உயரம் 1.05 மீட்டர். பின்னங்கால்களை மடக்கி உட்கார்ந்து, தலையைத் திருப்பி, வாயைச் சற்றே திறந்திருக்கிறது. கழுத்தைச் சுற்றிக் கற்றை கற்றையாக அடர்ந்த மயிர். ஏதோ அரவம் கேட்டுக் குரைக்கப்போகும் கணத்தைச் சிற்பி பிடித்துவிட்டான். பண்டைய கிரேக்கத்தின் மொலோசியக் காவல் நாய் இது. கி.மு. காலத்து வெண்கலச் சிலை ஒன்றைப் பார்த்து, கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் ரோமானியர்கள் பளிங்கில் செதுக்கிய நகல் என்பது ஆய்வாளர் கருத்து. ஆக, ‘அசல்’ என்று போற்றப்படும் இதுவே ஒரு நகல்தான்!

வால் உடைந்திருப்பதற்கும் ஒரு கதை ஒட்டிக்கொண்டது. பண்டைய ஏதென்ஸின் தலைவர் ஆல்சிபியாடஸ் தன் அழகான நாயின் வாலை வெட்டிவிட்டார் என்று பண்டைய எழுத்தாளர் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். அந்த நாய்தான் இது என்றார்கள். சான்று எதுவும் இல்லை. ஆனாலும் கதையுள்ள கல்லுக்கு மவுசு கூடத்தானே செய்யும்?

காவசெப்பி வெறும் வியாபாரி அல்ல, அன்றைய ரோமில் சிலைகளைச் செப்பனிடுவதில் பேர்போன கைகாரர். மண்ணுக்கடியிலிருந்து சிலைகள் பெரும்பாலும் மூக்கும் காலும் போய்த்தான் கிடைத்தன. முழுமையான சிலை கேட்ட ஆங்கிலேயப் பிரபுக்களுக்காகப் பட்டறைகள் புதுப் பளிங்கில் உறுப்புகளைச் செய்து ஒட்டின. ஒட்டிய கோடு நேராக இருந்தால் கண்ணை உறுத்தும், பழைய உடைசலின் மேடுபள்ளத்துக்கு ஏற்பப் புதுத் துண்டைச் செதுக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. வாடிகனின் விலங்குகள் கூடத்தில் பிரான்செஸ்கோ அந்தோனியோ பிரன்சோனி இன்னும் ஒருபடி மேலே போனார். பழைய துண்டுகளோடு தம் கைவேலையைத் தாராளமாகச் சேர்த்தார். சில விலங்குகளை முழுதாகத் தாமே செதுக்கினார்.

இன்று ஏலத்துக்கு வரும் பல பளிங்கு நாய்களும் சிங்கங்களும் இந்தப் பழஞ்சிலை மோகத்தின் வாரிசுகளே. 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் பழம்பாணியில் செய்யப்பட்டவை அவை. அதில் குறை ஒன்றும் இல்லை. நல்ல கையில் உருவான பழம்பாணிச் சிற்பம் தன்னளவிலேயே மதிப்புள்ளது. அதை ரோமானியச் சிற்பம் என்று சொல்லி விற்பதுதான் மோசடி. வாங்குபவர் முகத்தழகில் மயங்காமல் கழுத்து, கணுக்கால், காது மடல் ஆகிய இடங்களை உற்றுப் பார்க்க வேண்டும். ஒட்டு தெரிவது பெரும்பாலும் அங்கேதான். உள்ளே செருகிய இரும்புக் கம்பி துருவேறியிருந்தால் பளிங்கில் பழுப்புக் கறை கசிந்திருக்கும். மயிர்க் கற்றைகளின் ஆழத்தில் மண்ணின் படிவு இருக்கிறதா, அல்லது பழமை காட்டப் பூசிய சாயமா என்பதையும் கவனிக்க வேண்டும்.

ஜென்னிங்ஸின் நாய் 2001-இல் மறுபடி விலைக்கு வந்தது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகர அருங்காட்சியகம் ஒன்று வாங்க முன்வந்தது. நாட்டை விட்டுப் போகவிடக் கூடாது என்று நிதி திரட்டி, பிரிட்டிஷ் அருங்காட்சியகம் 6,62,297 பவுண்டுக்கு அதை வாங்கியது. லண்டனுக்குப் போகும் எவரும் இன்று அதை அங்கே பார்க்கலாம்.