மோட்டார் சைக்கிளுக்கு ஒரு வீட்டுச் சாவி

இந்தியானா மாநிலத்தின் தலைநகரான இண்டியானபோலிஸுக்கு வடக்கே, மக்காச்சோள வயல்களை அழித்து வீடுகளாக்கியிருக்கும் ஒரு புறநகரில், என் சகோதரி மகன் வீட்டில் ஒரு கோடைகாலம் முழுவதும் தங்கியிருந்தபோது, மாலை ஐந்தரை மணிக்கு எதிர்வீட்டுக்காரர் தம் மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும் காட்சியை ஜன்னலோரத்து நாற்காலியில் அமர்ந்தபடி பார்ப்பது எனக்கு ஒரு நித்திய நியமமாகவே ஆகிவிட்டிருந்தது. அவர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். மாலை வேளையில் எங்கே போய்வருகிறார் என்பது அவருக்கே நிச்சயமில்லை என்று அவர் மனைவி சொல்வதுண்டு. வண்டியோ ஹோண்டா கோல்ட் விங். அண்டை மாநிலமான ஒஹையோவின் மேரிஸ்வில் ஆலையில் செய்யப்பட்டு வந்த காலத்தது. ஏறக்குறைய 400 கிலோ எடையுள்ள மத்தகஜம்.

வீதியிலிருந்து வீட்டை நோக்கி மேடாக ஏறும் சிமெண்டுப் பாதையில், மூடியிருக்கும் கராஜ் கதவுக்குப் பத்தடி முன்பாக வண்டியை நிறுத்துவார். வலக்கை முன்பிரேக்கை விடாமல் பிடித்திருக்கும். விட்டால் அந்தக் கஜம் பின்னால் உருளத் தொடங்கிவிடும். கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு, இடக்கையின் தோல் உறையைப் பல்லால் கடித்து உருவி, சட்டையின் ஜிப்பை இறக்கி, உள்பையில் துழாவுவார். முதலில் கைக்குட்டை வரும். பிறகு மூக்குக்கண்ணாடி உறை வரும். கடைசியாகத்தான் தீப்பெட்டியளவுள்ள அந்தக் கறுப்பு ரிமோட் வரும். ஒரு நாள் அது கைநழுவித் தரையில் விழுந்து, சரிவில் சறுக்கிக்கொண்டு வீதியோரத்துக்கே போய்விட்டது. வண்டியை விட்டு இறங்கவும் வழியில்லை, குனியவும் வழியில்லை. வாயில் கையுறையைக் கவ்வியபடி அவர் திரும்பிப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். சைக்கிளில் போன சிறுவன் ஒருவன் எடுத்துக் கொடுத்தான்.

கதவைத் திறக்க இவ்வளவு பிரயாசை எதற்கு, முன்வாசல் வழியாகப் போகலாகாதா என்று நம்மவர்கள் கேட்கக்கூடும். அமெரிக்கப் புறநகர் வீட்டில் முன்வாசல் என்பது பெரும்பாலும் அலங்காரத்துக்கும் விருந்தாளிக்கும்தான். வீட்டார் புழங்கும் மெய்யான வாசல், வீட்டோடு ஒட்டிய கராஜின் அகன்ற கதவேயாகும். காரோடு உள்ளே நுழைந்து, அங்கிருந்து ஒரு சிறு கதவு வழியாகச் சமையலறைக்குள் போய்விடுவார்கள். பக்கவாட்டில் விரியும் பழைய கொட்டகைக் கதவை விட்டுவிட்டு, பாகம் பாகமாக மடிந்து மேலேறிக் கூரையடியில் படுத்துக்கொள்ளும் கதவை 1921-ல் உருவாக்கியவர் சி. ஜி. ஜான்ஸன் என்பவர். அவரே 1926-ல், இதே இந்தியானாவின் ஹார்ட்ஃபோர்ட் சிட்டி என்ற சிற்றூரில், அதை மின்சாரத்தால் தூக்கும் யந்திரத்தையும் செய்தார். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் புறநகர்கள் பெருகியபோது, காரிலிருந்தபடியே ரேடியோ அலையால் கதவைத் திறக்கும் ரிமோட்டும் சாமானிய வீடுகளுக்கு வந்து சேர்ந்தது.

காரோட்டிக்கு இதில் யாதொரு கஷ்டமும் இல்லை. கண் கூசாமலிருக்கத் தலைக்கு மேலே மடித்து வைக்கும் பலகையில் ரிமோட்டைச் செருகியிருப்பான். கையை உயர்த்தினால் போதும். மோட்டார் சைக்கிள்காரனின் நிலைமையோ முற்றிலும் வேறு. வலக்கைக்கு ஆக்ஸிலேட்டரும் முன்பிரேக்கும், இடக்கைக்குக் கிளட்ச், வலக்காலுக்குப் பின்பிரேக், இடக்காலுக்குக் கியர் என்று பகவான் அளித்த நான்கு அவயவங்களுக்கும் நான்கு உத்தியோகங்களை ஏற்கெனவே பங்கிட்டுக் கொடுத்துவிட்டு, ஐந்தாவதாக ஒரு வேலையை அவனிடம் ஒப்படைப்பது எந்த நியாயம்? ஏழடி உயரக் கதவு முழுதாக மேலேறப் பன்னிரண்டு வினாடிபோல் ஆகும். வீதி முனையிலேயே பொத்தானை அழுத்த முடிந்தால் நிற்காமல் உள்ளே போய்விடலாம். வாசலில் வந்து நின்ற பிறகுதான் அழுத்த முடியும் என்றால், மழையிலும் அந்தப் பன்னிரண்டு வினாடியை நனைந்துகொண்டே எண்ண வேண்டியதுதான்.

ஆகையால் ரிமோட்டை வண்டியிலேயே பொருத்திவிடுவது என்ற யோசனை யாருக்கும் தோன்றக்கூடியதே. பெரும்பாலோர் வெல்க்ரோ பட்டையால் ஹாண்டில் பாரிலோ பெட்ரோல் டாங்கியின் மேலோ ஒட்டி வைக்கிறார்கள். கேபிள் டை போட்டு இறுக்குகிறவர்களும் உண்டு. மழை, வெயில், எஞ்சினின் ஓயாத அதிர்வு ஆகிய மூன்றும் சேர்ந்து அந்தப் பிளாஸ்டிக் பெட்டியின் ஆயுளைக் குறைப்பது ஒருபுறம் இருக்கட்டும். என்னை அதிகமாக உறுத்தியது வேறொன்று. ரிமோட் என்பது உண்மையில் வீட்டுச் சாவி. காரில் வைத்துவிட்டுப் போனால் காரைப் பூட்டலாம். மோட்டார் சைக்கிளுக்குக் கதவேது, பூட்டேது? சிற்றுண்டிக் கடை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போய்க் காப்பி குடிக்கும் மனிதர், தம் வீட்டுச் சாவியை ஆணியில் மாட்டி வீதியில் தொங்கவிட்டுப் போகிறார் என்றே அர்த்தம். வண்டியின் பதிவுச் சீட்டும் பெரும்பாலும் பக்கப் பெட்டியில்தான் கிடக்கும். விலாசத்தைத் தேடும் சிரமம்கூடத் திருடனுக்கு மிச்சம்.

சாவி என்று சொன்னதால், அது எப்படிப்பட்ட சாவி என்பதையும் சற்றே விஸ்தரிக்க வேண்டும். ஆரம்பகாலத்து ரிமோட்டுகள் எல்லாம் ஒரே மாதிரியான சமிக்ஞையை அனுப்பியமையால், ஒருவர் பொத்தானை அழுத்த அடுத்த வீட்டுக் கதவும் சேர்ந்து திறக்கும் விபரீதம் சகஜமாக இருந்தது. அதைத் தவிர்க்க, ரிமோட்டின் உள்ளே சின்னஞ்சிறு சுவிட்சுகளை வரிசையாக வைத்து, மேலும் கீழுமாக அவற்றைத் தள்ளி ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சங்கேதத்தை அமைத்தார்கள். பன்னிரண்டு சுவிட்சுகளால் 4,096 சங்கேதங்கள் கிடைக்கும். பெரிய எண்ணாகத்தான் தோன்றும். 2015-ல் சாமி காம்கர் என்ற ஆராய்ச்சியாளர், மாட்டெல் கம்பெனி சிறுமிகளுக்கென்று செய்த இளஞ்சிவப்பு விளையாட்டுக் கருவி ஒன்றைத் திருத்தியமைத்து, இத்தகைய கதவுகளைப் பத்து வினாடிக்குள் திறந்து காட்டினார். அலிபாபாவின் மந்திரச் சொல்லையே அதற்குப் பெயராகவும் சூட்டினார்.

அவருடைய யுக்தி ரசிக்கத்தக்கது. சங்கேதங்களை ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டு அனுப்பினால் அரைமணி நேரம்போல் பிடிக்கும். கதவு யந்திரத்திலுள்ள பழைய சமிக்ஞை வாங்கிகளோ ஒரு சங்கேதம் எங்கே முடிந்தது, அடுத்தது எங்கே தொடங்கியது என்று பார்ப்பதில்லை. வந்துகொண்டேயிருக்கும் சரத்தில் தமக்குரிய பகுதி எங்கேனும் தட்டுப்பட்டால் திறந்துவிடும். எனவே ஒரு சங்கேதத்தின் வாலே அடுத்ததன் தலையாகும்படி எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிக் கோத்த ஒரே சரத்தை அவர் அனுப்பினார். இத்தகைய சரத்துக்கு டச்சுக் கணிதர் டி புரூயின் பெயரை இட்டிருக்கிறார்கள். நம் தேசத்துச் சம்ஸ்கிருத யாப்பு படித்தவர்களுக்கு இது புதிதன்று. குறிலும் நெடிலுமாக மூன்று அசை சேர்ந்த எட்டுக் கணங்களையும் நினைவில் நிறுத்த, பத்தே அசைகள் கொண்ட ஒரு சொற்கோவையைப் பாடசாலைகளில் மனனம் செய்விப்பார்கள். அதில் எந்த அசையில் தொடங்கி மூன்றை எடுத்தாலும் ஒரு கணம் கிடைக்கும். இரண்டும் ஒரே தந்திரம். கவிதைக்கு இலக்கணம் கற்பித்தது, இங்கே கராஜ் கதவைத் திறந்திருக்கிறது!

1990-களின் நடுவிலிருந்து பரவிய புதிய ரிமோட்டுகளிடம் இந்த வித்தை பலிக்காது. அவற்றில் ரிமோட்டும் வாங்கியும் ஒரே கணக்கை இரு பக்கமும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு அழுத்தத்துக்கும் ஒரு புதிய எண்ணுக்கு நகர்ந்துவிடுகின்றன. ஒருமுறை செலவழிந்த எண், கிழித்த டிக்கெட்டைப் போல, மறுபடி செல்லுபடியாகாது. ஆனால் எவ்வளவு சாதுரியமான ரிமோட்டாயினும், அதையே பெயர்த்தெடுத்துக்கொண்டு போகிறவனிடம் அந்தச் சாதுரியம் என்ன செய்யும்?

நிற்க. எதிர்வீட்டுக்காரர், ரிமோட் கைநழுவிய அந்த வாரச் சனிக்கிழமையன்றே காரியத்தில் இறங்கினார். வேடிக்கை பார்க்கப் போன என்னிடம் டார்ச் விளக்கைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். மேலட்டையைக் கத்தி முனையால் நெம்பியதும், ஒரு நாணயத்தளவு பாட்டரியும், பச்சைப் பலகையில் ஒரு சிறு பொத்தானும் தெரிந்தன. அந்தப் பொத்தானின் இரண்டு கால்களிலும், தலைமுடியை விடச் சற்றே தடித்த இரண்டு கம்பிகளை ஈயம் வைத்துப் பற்றவைத்தார்; கை நடுங்கவில்லை, புகை மட்டும் என் மூக்கைத் தேடி வந்தது. கம்பிகளின் மறுமுனையை ஒரு ரிலேயின் தொடுமுனைகளோடு சேர்த்தார். ரிலேயை இயக்கும் சுருளுக்கு, வண்டியின் ஹை பீம் விளக்குக்குப் போகும் கம்பியிலிருந்து மின்சாரம் எடுத்தார். வண்டியின் பன்னிரண்டு வோல்ட் ரிமோட்டின் பக்கமே போகாமல் சுருளோடு நின்றுவிடும். ரிமோட் தன் மூன்று வோல்ட் பாட்டரியிலேயே பிழைத்துக்கொள்ளும். கட்டைவிரலால் ஹை பீமைத் தட்டினால் கதவு திறக்கும். புதிதாக ஒரு விசைகூட வேண்டாம். கேட்டபோது எனக்கும் அது அற்புதமாகத்தான் தோன்றியது.

முதலில் ரிமோட்டைச் சீட்டுக்கடியிலுள்ள இரும்புப் பெட்டியில் பத்திரமாக வைத்தார்; கதவு அசையவில்லை. இரும்பு ரேடியோ அலையை விழுங்கிவிடும் என்பது தமக்குத் தெரியும், ஆனாலும் மறந்துவிட்டது என்றார். பிறகு முன்விளக்குக்குப் பின்னால், பிளாஸ்டிக் உடுப்பின் உட்புறத்தில் பஞ்சு சுற்றி வைத்ததும், வீதி முனையிலிருந்தே கதவு கீழ்ப்படிந்தது.

அந்த அற்புதம் பத்து நாள் நீடித்தது. ஒரு நாள் அந்தி மயங்கும் நேரத்தில் வெளியே புறப்பட்டவர், கதவை மூடிவிட்டு வீதியில் ஏறியதும், சோளக்காட்டிலிருந்து மான் குறுக்கே வரக்கூடுமென்று வழக்கம்போல ஹை பீமைப் போட்டிருக்கிறார். அவர் முதுகுக்குப் பின்னால் கதவு சாவதானமாகத் திறந்துகொண்டது. இரவு பத்து மணிக்கு அவர் திரும்பியபோது கராஜ் ஆவென்று கிடந்தது. நாய்த்தீனி மூட்டையைக் கிழித்துவிட்டு ஒரு ரக்கூன், காரின் மேலே உட்கார்ந்து அவரை வரவேற்றதாம். அதோடு, ஹை பீம் எரிந்த நேரமெல்லாம் ரிமோட்டும் ஓயாமல் கூவிக்கொண்டிருந்ததால் அதன் பாட்டரியும் தீர்ந்துபோயிருந்தது. பொத்தானிலிருந்து கையை எடுத்த ஐந்து வினாடிக்குள் இத்தகைய ரிமோட் அடங்கிவிட வேண்டும் என்பது அந்நாட்டு ரேடியோ ஆணையத்தின் விதி. ஹை பீமை விரலாகக் கொண்டவன் எப்போது கையை எடுப்பான்? கடைகளில் விற்கும் 'ஃப்ளாஷ் டு பாஸ்' போன்ற தயார்க் கருவிகள் விளக்கை அடுத்தடுத்து இருமுறை மினுக்கினால்தான் வேலை செய்யும்படி அமைந்திருப்பதன் காரணம் அன்றுதான் எனக்கு விளங்கியது.

மறுநாளே விளக்குக் கம்பியிலிருந்து ரிலேயைக் கழற்றிவிட்டு, இடக்கைப் பிடிக்கருகே, கட்டைவிரலுக்கு எட்டும் தூரத்தில், நீர் புகாத சிறு பொத்தான் ஒன்றை வைத்தார். அதற்கு வரும் மின்சாரம், வண்டிச் சாவியைத் திருகிய பிறகே உயிர்பெறும் கம்பியிலிருந்து வருகிறது. என் அபிப்பிராயத்தில் இந்த ஏற்பாட்டின் சிறப்பெல்லாம் இந்த ஓர் அம்சத்தில்தான் இருக்கிறது. சிற்றுண்டிக் கடை வாசலில் யார் வந்து அந்தப் பொத்தானை அழுத்தினாலும் அது வெறும் ரப்பர். ரிமோட்டோ நான்கு திருகாணிகளுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கிறது. வண்டியே களவு போனாலும், கராஜ் கூரையிலுள்ள யந்திரத்தில் 'லேர்ன்' என்ற பொத்தானை அதன் விளக்கு அணையும் வரையில் அழுத்திப் பிடித்தால், பதிந்திருக்கும் ரிமோட்டுகள் அனைத்தையும் அது மறந்துவிடும். சௌகரியத்தை மட்டும் கருதி ஹாண்டில் பாரில் ஒட்டி வைப்பவர்களை விட, இப்படி மறைத்துப் பொருத்துகிறவனையே நான் புத்திமான் என்பேன்.

இன்னொரு அபாயம் உண்டு. 1993 முதல் அங்கே செய்யப்படும் கதவு யந்திரங்களுக்கு, வாசலின் இருபுறமும் தரையிலிருந்து ஆறு அங்குலத்துக்கு மிகாத உயரத்தில் ஒளிக்கண்கள் வைக்கிறார்கள். இறங்கும் கதவுக்குக் குறுக்கே ஏதேனும் ஒளியை மறித்தால் கதவு திரும்பி மேலேறிவிடும். கார் நின்றால் அதன் சக்கரமோ உடலோ பெரும்பாலும் மறைத்துவிடும். ஆனால் மோட்டார் சைக்கிள் வாசலின் நடுவே நின்றால், இரண்டு சக்கரங்களுக்கும் இடையே, எஞ்சினுக்கு அடியிலுள்ள சந்து வழியாக அந்த ஒளி தாராளமாகப் போய்விடக்கூடும். ஒளிக்கண்ணுக்கு வாசல் காலியாகத் தெரியும். கதவோ ஓட்டுகிறவரின் தலைமேல் இறங்கும். எதையாவது முட்டினால் கதவு தானே திரும்ப வேண்டுமென்ற விதியும் உண்டென்றாலும், முட்டப்படும் பொருள் நம் சிரமாக இருப்பது அவசியமில்லை. ஆகவே இவ்வாறு பொத்தான் பொருத்திக்கொண்டவர்கள் வண்டியை முழுதாக உள்ளே ஏற்றி, சைட் ஸ்டாண்டு போட்டு இறங்கிய பிறகு, சுவரிலுள்ள பொத்தானால் கதவை மூடுவதே உசிதம். எதிர்வீட்டுக்காரர் அப்படித்தான் செய்கிறார்.

நவம்பரில் முதல் பனி விழுந்ததும், அவர் கோல்ட் விங்கின் பாட்டரியைக் கழற்றி, கராஜின் மூலையில் சார்ஜரில் மாட்டி, வண்டிக்குத் துணி போர்த்திவிட்டதாக மருமான் எழுதியிருந்தான். மார்ச் மாதம் வரை அந்தப் பொத்தானுக்கு வேலையில்லை.