எவ்வளவு தாழப் பறக்கலாம்?

வானத்துக்கு வேலி இல்லை என்போம். ஆனால், விமானம் இதற்குக் கீழே இறங்கக்கூடாது என்று சட்டம் அங்கேயும் ஒரு கோடு போட்டிருக்கிறது. இங்கிலாந்தில் பயின்ற காலத்தில் நான் சிறு விமானம் ஓட்டக் கற்றேன். அந்தக் கோடு அந்நாட்டில் இடம் மாறியதை வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

பிரிட்டனில் நகரின் மேல் செல்லும் விமானம், சுற்றிலும் 2000 அடி தூரத்திலுள்ள மிக உயரமான கட்டடத்தைவிட 1500 அடி மேலே பறக்க வேண்டும் என்றிருந்தது. 2005ஆம் ஆண்டில் அது 1000 அடியாகக் குறைக்கப்பட்டது. சுற்றளவுத் தூரம் 600 மீட்டர் என்றானது. மலேசியாவும் சிங்கப்பூரும் அங்கம் வகிக்கும் அனைத்துலக சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் அளவும் இதுவே.

ஊருக்கு வெளியே விதி வேறு. ஆள், வாகனம், படகு, கட்டடம் ஆகியவற்றை 500 அடிக்குள் நெருங்கக்கூடாது. யாருமில்லாத வயல்மீது அதைவிடத் தாழவும் பறக்கலாம். 2014 டிசம்பரில் ஐரோப்பியப் பொதுவிதி வந்தபோது, தரையிலிருந்தே 500 அடி என்று அளவு மாறியது. எனினும், பிரிட்டிஷ் வான்துறை சிறப்பு அனுமதி வழங்கிப் பழைய வழக்கத்தைத் தொடரவிட்டது.

இந்த எண்களுக்குப் பின்னால் உயிர்கள் இருக்கின்றன. செஸ்னா 172 போன்ற ஒற்றை இயந்திர விமானம் 1000 அடி உயரத்தில் செல்லும்போது இயந்திரம் நின்றுவிட்டால், அது சறுக்கிச் செல்லக்கூடியது ஏறத்தாழ 2.7 கிலோமீட்டர்தான். 1500 அடியிலிருந்து என்றால் 4 கிலோமீட்டர். 1000 அடியில் விமானிக்குக் கிடைப்பது ஒன்றரை நிமிடத்துக்கும் குறைவு. அதற்குள் இடம் தேடி, திரும்பி, தரையிறங்க வேண்டும். திரும்பும் ஒவ்வொரு முறையும் உயரம் கரையும்.

அப்படியானால், 500 அடியைக் குறைத்தது ஆபத்தில்லையா? விதியின் மற்றொரு பகுதியைப் படித்தால் விடை கிடைக்கும். இயந்திரம் நின்றாலும், கீழே இருப்பவர்களுக்குத் தீங்கின்றி இறங்கக்கூடிய உயரத்தில் பறக்க வேண்டும் என்ற கடமையை எந்தத் திருத்தமும் நீக்கவில்லை. பரந்த நகரின் நடுவே 1000 அடி போதாது. 2000 அடியும் போதாமல் போகலாம். சட்டம் தரும் எண் கடைசி எல்லை. பாதுகாப்பான உயரம் எது என்பதை விமானிதான் ஒவ்வொரு பயணத்திலும் கணக்கிட வேண்டும். அவர் கணக்கை நம்பித்தான் கீழே மக்கள் கவலையின்றி நடமாடுகிறார்கள்.