கொங்கிறீற்றிற் பதித்த நீலம்

பிரான்சு நாட்டுச் சார்த்திர் நகரப் பேராலயத்தின் நீலச் சாளரங்கள் உலகப் புகழ் வாய்ந்தவை. அவற்றின் அயலிலே, 1946ஆம் ஆண்டில் தம் பட்டறையை நிறுவினார் கபிரியேல் லுவார் (1904–1996). மெல்லிய வண்ணக் கண்ணாடியை ஈயப் பட்டையாற் பிணைப்பது பழைய முறை. லுவார் பெரிதுங் கையாண்ட முறையிலோ, ஏறக்குறைய ஓர் அங்குலத் தடிப்புள்ள கண்ணாடிப் பாளங்கள் சுத்தியலால் உடைக்கப்பட்டுக் கொங்கிறீற்றிற் பதிக்கப்படும். உடைந்த விளிம்பு ஒழுங்கற்றது. ஒளி சிதறி மின்னுவது அக்குறையினாலன்றோ!

பேர்ளினில் 1943ஆம் ஆண்டுக் குண்டுவீச்சிற் சிதைந்த கைசர் வில்கெல்ம் ஆலயத்தின் அருகே, 1961இல் புதிய ஆலயம் எழுந்தது. நேற்றுவரை பகைநாடாயிருந்த யேர்மனியின் அவ்வாலயச் சுவர்களை நிறைப்பவை இப்பிரெஞ்சுக் கலைஞரின் 20,000க்கும் மேற்பட்ட கண்ணாடிப் பதிப்புகளே. நீலமே மிகுதி, சிவப்பும் பச்சையும் மஞ்சளும் ஆங்காங்கே தோன்றும். சுவர்கள் இரட்டையாதலின் வீதியின் இரைச்சல் உட்புகுவது அரிது. இடையே விளக்குகள் அமைந்தமையால் இரவிலும் அந்நீலம் ஒளிரும்.